பிக்கப் வண்டி போடும் சத்தமும், சத்தமில்லாமல் வரும் கோளாறும்

பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பிக்கப் வைத்திருக்கும் இரண்டு பேர் மார்க்கெட்டில் சந்தித்தால் முதலில் மைலேஜ் பேசுவார்கள், அடுத்தது சத்தம். “பின்னாடி கீச்சு கீச்சுங்குது, சர்வீஸ்ல விட்டா ஒண்ணுமில்லைங்கிறாங்க” என்ற பேச்சு ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டில் யாராவது ஒரு வண்டிக்காரர் வாயிலிருந்து வராத நாள் குறைவு. கடன் போட்டு எடுத்த புது வண்டி, மாதம் பிறந்தால் தவணை. அதில் ஒரு சத்தம் கேட்டால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

நானும் அப்படி ஒரு வண்டி ஓட்டுகிறவன். ஒன்றரை டன் வகை, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 கட்டாயமானதற்குப் பிறகு வந்த மாடல். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். நான் சொல்வது எல்லாக் கம்பெனி வண்டிக்கும் கொஞ்சம் முன்னே பின்னே பொருந்தும். தினப்படி வேலை கள்ளிமந்தயம், இடையகோட்டைப் பக்கத் தோட்டங்களிலிருந்து முருங்கையும் தக்காளியும் ஏற்றி மார்க்கெட்டில் இறக்குவது. சீசனில் வடகாடு வழியாகப் பாச்சலூர் மலையேறி சௌசௌ, மலைவாழை. எப்போதாவது பொள்ளாச்சி தாண்டிப் பாலக்காடு, திருச்சூர். குறுக்கோட்டம், மலையோட்டம், நெடுந்தூரம் மூன்றும் ஒரே வண்டியில் நடப்பதால் எந்தக் கோளாறு எந்த ஓட்டத்தில் வருகிறது என்று பார்க்க முடிகிறது.

எனக்கு உறுதியாகப் பட்டது இது. இப்போதைய பிக்கப்பில் நாம் பயப்படுகிற சத்தங்களில் பெரும்பாலானவை வண்டியை வழியில் நிறுத்துவதில்லை. வழியில் நிறுத்துகிற கோளாறு பெரும்பாலும் சத்தமே போடுவதில்லை. பழைய வண்டியை முழுக்கக் காதை நம்பி ஓட்டினோம். வண்டிக்கு அடியில் நடப்பதைக் கண்டுபிடிக்க அந்தக் காது இன்றைக்கும் போதும். இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் போதாது.

முதலில் சத்தத்தைப் பார்ப்போம். பின்பக்கத்திலிருந்து வரும் கீச்சொலிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது பின் அச்சில் அடுக்கடுக்காகக் கட்டியிருக்கும் ஸ்பிரிங் பட்டையை. கார்களில் பட்டை போய் காயில் ஸ்பிரிங் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. பாரம் சுமக்கும் பிக்கப்புக்குப் பின்னால் இன்றும் பட்டைதான். லோடு ஏறி இறங்கும்போதும் பள்ளத்தில் விழுந்து எழும்போதும் ஒவ்வொரு பட்டையும் அடுத்த பட்டையின் மேல் கொஞ்சம் வழுக்கி நகரும். அது உரசாமல் இருக்கப் பட்டை நுனியில் நைலானிலோ ரப்பரிலோ சின்ன வில்லை வைத்திருப்பார்கள். தோட்டத்து மண்ணும் சேறும் புகுந்து அந்த வில்லை தேய்ந்து விழுந்தபின் இரும்பும் இரும்பும் நேராக உரசும். அப்போது வருவதுதான் அந்தக் கீச்சு. கேட்கச் சகிக்காது, ஆனால் ஆபத்தில்லை.

எங்கள் பக்கத்தில் பட்டை வேலை செய்யும் பாய் ஒருவர் இருக்கிறார். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் ஜாக்கியை எடுக்கமாட்டார், கேள்விதான் கேட்பார்.

“தம்பி, எம்டியில கத்துதா, லோடுலயா?”

“எம்டியில, பாய். லோடு ஏத்துனா அடங்கிருது.”

“மழையில நனைஞ்சா?”

“நனைஞ்சா ஒரு நாள் கேக்கமாட்டேங்குது.”

“அப்ப பயப்படாத. புஷ்ஷைப் பாப்போம்.”

இந்த இரண்டு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. எம்டியில் மட்டும் கத்தி, லோடு ஏறினால் அடங்குவது பெரும்பாலும் நுனி வில்லையாகவோ பட்டை மாட்டும் இடத்தில் காய்ந்துபோன ரப்பர் புஷ்ஷாகவோ இருக்கும். தண்ணீர் பட்டதும் சத்தம் நின்றால் உரசலில்தான் விஷயம் இருக்கிறது, உடைசலில் இல்லை. லோடு ஏற்றினால் மட்டும் சத்தம் வருகிறது என்றால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. பட்டையில் விரிசல், பட்டைக் கட்டை அச்சோடு இறுக்கும் யூ போல்ட் லூசானது, பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் தேய்ந்தது, அல்லது பாரத்தில் தாழ்ந்து எங்கோ உரசும் டயர் என்று எதுவாகவும் இருக்கலாம்.

பிறகு பாய் என்னைப் பின்பக்க பம்பரில் ஏறி நின்று குதிக்கச் சொல்லிவிட்டு அடியில் படுத்தார். காதை எங்கும் வைக்கவில்லை. பட்டையின் பின் நுனியைச் சேஸிஸோடு கோக்கும் ஷேக்கிளில் உள்ளங்கையை வைத்தார், பிறகு பட்டையின் முன் நுனி வளையமான கண்ணில், பிறகு பட்டைக் கட்டின் நடுவில். “கேக்குற எடம் வேற, கத்துற எடம் வேற. சேஸிஸ் சத்தத்தை இழுத்துட்டு வந்து வேற எடத்துல குடுக்கும். கை பொய் சொல்லாது” என்றார். இடதுபக்க ஷேக்கிளில் கை அதிர்ந்தது. வெளிச்சம் அடித்துக் காட்டினார். புஷ்ஷின் ஓரத்தில் ரப்பர் கரைந்து கறுப்புப் பொடியாக ஒட்டியிருந்தது. அதற்குள் போகும் பின் ஒரு பக்கம் மட்டும் வெள்ளிபோல் மின்னியது. ஒரு ஜோடி புஷ், ஒரு மணிநேர வேலை, சத்தம் போய்விட்டது.

அன்று அவர் காட்டிய இன்னொன்றை நான் இப்போது மாதம் ஒருமுறை பார்க்கிறேன். பட்டைகளைக் கழுவிக் காயவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்க வேண்டும். பட்டையின் குறுக்கே முடி அளவுக்குச் சிவப்பாக ஒரு துருக்கோடு தெரிந்தால் அது விரிசல். அந்த இடைவெளிக்குள் ஈரம் போய்த் துருப்பிடிப்பதால் கோடு தெரிகிறது. யூ போல்ட் நட்டுக்கு அடியிலிருந்து துரு வழிந்த தடம் இருந்தால் அங்கே ஆட்டம் இருக்கிறது. யூ போல்ட் லூசானால் பாரம் முழுவதும் சென்டர் போல்ட்டின் மேல் விழும், அது வெட்டுப்பட்டால் அச்சே இடம் நகர்ந்துவிடும். அதற்கப்புறம் ஸ்டீயரிங் நேராக இருந்தாலும் வண்டி கோணலாகப் போகும். பின்னால் வருகிறவருக்குத்தான் அது முதலில் தெரியும். பட்டையைக் கழற்றி மாட்டியிருந்தால், லோடு ஏற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டை மறுபடி டைட் வைத்தே ஆக வேண்டும். இதை மட்டும் யாரும் ஞாபகப்படுத்தமாட்டார்கள், நாம்தான் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வாட்டர் சர்வீஸில் வண்டிக்கு அடியில் பழைய இன்ஜின் ஆயிலையும் டீசலையும் கலந்து அடிக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. அடித்த அன்றே சத்தம் நின்றுவிடுவதால் எல்லோருக்கும் திருப்தி. எனக்கு அதில் கொஞ்சமும் சம்மதமில்லை. எண்ணெய் பட்ட ரப்பர் புஷ் ஊறி உப்பி, சில மாதத்தில் பொலபொலவென்று உதிரும். எண்ணெயில் ஒட்டிய மண் பட்டைக்கு இடையில் உப்புத்தாள்போல நின்று தேய்க்கும். பிரேக் டிரம் பக்கம் தெறித்தால் அது வேறு ஆபத்து. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பிரஷர் தண்ணீரில் மண் போகக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஜாக்கி போட்டுப் பட்டையின் மேலிருக்கும் பாரத்தை இறக்கி, இடைவெளியில் கிராஃபைட் கிரீஸ் வைப்பது. ரப்பருக்கு சிலிக்கான் ஸ்ப்ரே மட்டும்.

எல்லாக் கீச்சும் பட்டையில்லை. மார்க்கெட்டுக்குள் மெதுவாக ஊர்ந்து போகும்போது தாளம் தப்பாமல் ‘கீச்... கீச்... கீச்’ என்று வந்து, வேகம் கூடக்கூடத் தாளமும் கூடினால் அது கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயின்ட் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸ். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது அடியில் ‘டொக்’ என்று ஒரு தட்டும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். கிராஸின் நான்கு மூடியையும் சுற்றிப் பாருங்கள். செங்கல் பொடி நிறத்தில் தூசி படிந்திருந்தால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்து, துருப்பிடித்து அரைபடுகிறது. இந்தச் சத்தத்தை ஒரு வாரம்கூட வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது. கிராஸ் விட்டால் ஓடுகிற வேகத்தில் ஷாஃப்ட் கீழே விழும். பழைய வண்டியில் கிரீஸ் நிப்பிள் இருக்கும், மாதம் ஒரு தடவை கிரீஸ் கன் வைத்து அடித்துவிடுவோம். இப்போது பல வண்டிகளில் கிராஸ் சீல் செய்தே வருகிறது, நிப்பிளே கிடையாது. மேலே கிரீஸ் தடவிப் பிரயோஜனமில்லை. மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

கிளட்ச் பக்கச் சத்தத்தை உட்கார்ந்த இடத்திலேயே பிரித்துவிடலாம். நியூட்ரலில் இன்ஜின் ஓடட்டும். பெடலை மிதித்தால் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். மிதிக்காமல் இருக்கும்போது இரைந்து, மிதித்தால் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். முதலாவது கிளட்ச் இறக்கும்போது சேர்த்து மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவதற்குக் கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டியிருக்கும், பணத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டு போவது நல்லது.

காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கத்தினால் பெல்ட். ஓடும் பெல்ட்டில் தள்ளி நின்று கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் நின்று சற்று நேரத்தில் திரும்பினால் புல்லி நேராக இல்லை. இன்னும் கூடினால் டென்ஷன் குறைவு. லூசான சட்டையும் தொங்கும் துண்டும் போட்டுக்கொண்டு இதைச் செய்யக் கூடாது.

பிரேக்கில் வரும் கீச்சொலி பல சமயம் தூசிதான். ஆனால் சில டிஸ்க் பேடுகளில் தேய்மானம் எல்லைக்கு வந்ததும் டிஸ்கை உரசிக் கத்துவதற்கென்றே ஒரு தகட்டு நாக்கு வைத்திருக்கிறார்கள். கழற்றிப் பார்க்காமல் தூசி என்று முடிவு செய்யாதீர்கள்.

பிரேக் பேச்சு வந்ததால் மனதை உறுத்துகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அது பின்னால் எக்ஸ்ட்ரா பட்டை போடுவது. புது வண்டி எடுத்த வாரமே நேராகப் பட்டறைக்குப் போய் இரண்டு பட்டை கூடுதலாக ஏற்றிக்கொள்கிறார்கள். பல பிக்கப்புகளில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் கம்பியோ ஸ்பிரிங்கோ இணைத்த ஒரு பிரேக் வால்வு இருக்கிறது. லோடு ஏறி சேஸிஸ் தாழ்ந்தால் ‘வண்டி பாரமாக இருக்கிறது’ என்று அது புரிந்துகொண்டு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். எம்டியில் குறைத்துவிடும், பின் சக்கரம் லாக் ஆகாமல் இருக்க. எக்ஸ்ட்ரா பட்டை போட்டால் முழு லோடிலும் சேஸிஸ் தாழாது. வால்வுக்கு வண்டி எம்டியாகவே தெரியும். பாச்சலூர் இறக்கத்தில் முழு லோடோடு வரும்போது பின் பிரேக் பாதிதான் பிடிக்கும், முன் பிரேக் மட்டும் கொதித்துப்போகும். பட்டை போட்டே ஆக வேண்டும் என்றால் அந்த வால்வை மறுபடி செட் செய்யத் தெரிந்த இடத்தில் போடுங்கள். ஆர்.சி.யில் எழுதியிருக்கும் மொத்த எடைக்குள் ஓட்டினால் கம்பெனி கொடுத்த பட்டையே போதும் என்பது என் கட்சி.

கேபினுக்குள் வரும் கடகடப்புக்கெல்லாம் மனதை விட வேண்டாம். டேஷ்போர்டு கிளிப், கதவு ரப்பர், சீட்டுக்குப் பின்னால் கிடக்கும் ஜாக்கி, டெயில்கேட் சங்கிலி. சங்கிலிக்குப் பழைய டியூபைச் சுற்றுங்கள், கதவு ரப்பருக்கு சிலிக்கான் தடவுங்கள். தொட்டிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருக்கும் போல்ட்டையும் ரப்பரையும் மட்டும் மறக்காமல் பாருங்கள்.

இனி சத்தம் போடாத சங்கதி.

பாச்சலூர் ஏற்றத்தில் ஒருநாள் வளைவில் இரண்டாம் கியரில் ஏறிக்கொண்டிருந்தபோது ஆக்ஸிலரேட்டர் செத்துப்போனதுபோல் ஆகிவிட்டது. முழுக்க மிதித்தாலும் ஆர்.பி.எம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறவில்லை. புகையில்லை, நாற்றமில்லை, ஒரு ‘டக்’ கூட இல்லை. டேஷ்போர்டில் மஞ்சளாக இன்ஜின் விளக்கு மட்டும். கல் வைத்து நிறுத்தி, அப்புறம் முதல் கியரில் ஊர்ந்து மேலே போய்ச் சேர்ந்தோம். இறங்கி வந்து ஸ்கேனர் வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் காட்டினேன். அவர் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு நேராகச் சைலன்சர் பக்கம் கையை விட்டு, விரல் நீள ரப்பர் குழாய் ஒன்றை எடுத்துக் காட்டினார். சூட்டில் காய்ந்து, நுனியில் நீளவாட்டில் பிளந்திருந்தது. “இதுதான் அண்ணே, பிரஷர் சென்சாருக்குப் போற குழாய். இது பொய்க் கணக்குக் குடுத்துச்சு, கம்ப்யூட்டர் பயந்துபோய் பவரைக் குறைச்சிருச்சு” என்றார். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை.

அந்த சென்சார் அளப்பது டி.பி.எஃப். என்ற வடிகட்டியின் அடைப்பை. பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் இன்ஜின் கூடுதலாக டீசலைத் தெளித்துப் புகையின் சூட்டை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏற்றி அந்தக் கரியை எரித்துச் சாம்பலாக்கும். இதற்கு வண்டி சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். நம் தோட்டத்து ஓட்டத்தில் அதுதான் நடக்காது. ஆறு கிலோமீட்டர் போய் நிறுத்துவோம், அரைமணி நேரம் லோடு ஏற்றுவோம், இன்ஜினை ஐடிலில் விட்டுப் பேசிக்கொண்டிருப்போம். எரிக்க ஆரம்பித்த நேரத்தில் சாவியைத் திருப்பி ஆஃப் செய்துவிடுவோம். பாதியில் நின்றுபோன எரிப்பு அடுத்த தடவை முதலிலிருந்து தொடங்கும். அதனால்தான் நெடுந்தூரம் ஓடும் வண்டியில் வராத டி.பி.எஃப். தொல்லை, கிராமத்துக்கும் மார்க்கெட்டுக்கும் ஓடும் வண்டியில் வருகிறது. வண்டி மட்டம் என்று திட்டுகிறவர்கள் தங்கள் ஓட்டம் எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எரிப்பு நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அடையாளங்கள் உண்டு. ஐடில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். ஆஃப் செய்தபின்னும் ரேடியேட்டர் ஃபேன் ஓடும். சைலன்சர் பக்கம் சூட்டு வாடை வரும். அந்த நேரத்தில் காய்ந்த சோளத்தட்டையின் மேலோ வைக்கோலின் மேலோ வண்டியை நிறுத்தவே கூடாது, தீப்பிடிக்கும். நான் இப்போது வாரம் ஒருமுறையாவது இறக்கிவிட்டுத் திரும்பும்போது பழனி ரோட்டில் நான்காம் கியரில் இருபது நிமிடத்துக்கு மேல் சீராக ஓட்டுகிறேன். டி.பி.எஃப். விளக்கு எரிந்தால் மேனுவலில் சொன்னபடி அன்றைக்கே ஓட்டி முடிக்கிறேன். விளக்கை மதிக்காமல் இன்னும் ஓட்டினால் ஓட்டத்தில் எரிக்க முடியாத அளவுக்குக் கரி சேர்ந்துவிடும். அப்புறம் சர்வீஸில் நிறுத்தி எரிக்க வேண்டும், அதுவும் முடியாவிட்டால் வடிகட்டியைக் கழற்ற வேண்டும்.

இதோடு இன்ஜின் ஆயிலும் சம்பந்தப்பட்டிருக்கிறது. எரிப்பு அடிக்கடி பாதியில் நின்றால் தெளித்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைந்தால் பயப்படத் தெரிந்த நமக்கு, ஏறினால் பயப்படத் தெரிவதில்லை. மேல் கோட்டைத் தாண்டி, தொட்டு முகர்ந்தால் டீசல் வாடை வந்தால் ஆயில் நீர்த்துவிட்டது. உடனே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பேரிங் போகும். ஆயிலும் மேனுவலில் எழுதிய கிரேடுதான் ஊற்ற வேண்டும். டி.பி.எஃப். வண்டிக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் தனியாக இருக்கிறது. கரி எரியும், சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும். பழைய லாரிக்கு ஊற்றும் மலிவு ஆயிலை இதில் ஊற்றுவது வடிகட்டியின் ஆயுளை நாமே குறைப்பது. புகையைச் சுத்தம் செய்ய டெஃப் என்ற யூரியாக் கரைசல் ஊற்றும் வண்டி என்றால் 32.5 சதவீத யூரியாவோடு சீல் செய்த கேன் மட்டும். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

“டி.பி.எஃப்.பை எடுத்துட்டு புரோகிராமை மாத்திட்டா நிம்மதி” என்று சொல்லும் கடைகளும் இருக்கின்றன. அது சட்டத்துக்குப் புறம்பு, வாரன்டியும் போச்சு, எஃப்.சி.யிலும் மாட்டலாம். நாம் காய்கறி இறக்கும் சந்துகளில்தான் அந்தக் கரிப்புகை நிற்கும், லோடுமேன்கள்தான் அதைச் சுவாசிப்பார்கள். என் வண்டியில் செய்யமாட்டேன்.

டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை வடிப்பது, இரவில் தோட்டத்தில் நிறுத்தினால் எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று காலையில் பானட்டைத் திறந்து பார்ப்பது, மொபைலோடு இணைந்து வண்டிக் கம்ப்யூட்டரின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் சின்ன ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்றை டேஷ்போர்டு பெட்டியில் வைத்துக்கொள்வது, இவையும் பழகிவிட்டன. விளக்கு எரிந்ததும் அந்தக் குறியீட்டைப் படித்துக் குறித்துக்கொண்டால் மெக்கானிக்கிடம் ‘எங்கோ அடிக்குது’ என்று சொல்ல வேண்டியதில்லை.

வாரன்டியில் இருக்கும் வண்டிக்குச் சத்தப் புகார் கொடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ‘சத்தம் வருகிறது’ என்று எழுதினால் ‘பரிசோதித்தோம், குறையில்லை’ என்று திரும்பி வரும், ஏனென்றால் அவர்கள் எம்டி வண்டியைத் தார் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்திருப்பார்கள். ‘முக்கால் லோடில், 20 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில், இடதுபக்கம் திரும்பும்போது, பின் இடது சக்கரத்துப் பக்கம்’ என்று சர்வீஸில் போடும் வேலைச் சீட்டான ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் லோடோடு போங்கள், ஃபோர்மேனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள்.

அப்படியும் திரும்பத் திரும்ப அதே கோளாறு வந்து, கம்பெனி தட்டிக்கழித்தால், “இது கமர்ஷியல் வண்டி, நீங்க கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாது” என்று ஒரு பேச்சு வரும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கமாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரே வண்டியை வைத்துத் தானே ஓட்டிப் பிழைக்கிறவருக்கு இந்த விலக்கு பொருந்தும். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். அங்கெல்லாம் பேசப்போவது உங்கள் கையில் இருக்கும் தாள்தான். ஒவ்வொரு ஜாப் கார்டையும் ஆர்.சி., லைசென்ஸ் நகலோடு ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். தேதியும் கிலோமீட்டரும் எழுதாத ஜாப் கார்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.